கைப்பிடி இல்லாத கோப்பைகள்

வரைபடம் போடுகிறவர்கள் சோம்பலில் விட்டுவிட்ட ஒரு மூலையில் ஆவிநாடு என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்கள் பசியைப் பொறுப்பார்கள், வரியைப் பொறுப்பார்கள், மன்னரின் உரையைக்கூடப் பொறுப்பார்கள். ஆறிப்போன டீயை மட்டும் பொறுக்க மாட்டார்கள். விருந்தாளிக்கு அதை நீட்டினால் 'நடையைக் கட்டு' என்று பொருள்.

அரண்மனை வாசலில் டீக்கடை வைத்திருந்தவள் அன்னக்காமு. ஒருநாள் வரலாற்று அமைச்சர் அதிரூபனார் அங்கே வந்தார். பின்னால் காவலர்கள், கையில் சுத்தியல்.

"அம்மணி, டீ பிறந்த தேசத்தில் ஆதியில் கோப்பைக்குக் கைப்பிடியே கிடையாது என்று ஆய்வுக்குழு கண்டறிந்துள்ளது. அது பிற்பாடு வந்தவர்கள் ஒட்டவைத்த கறை. ஆகவே அகற்றப்படுகிறது."

"அந்த ஊர்க்காரங்க ஆறவச்சுக் குடிச்சிருப்பாங்கய்யா. நம்ம ஆளுங்க கொதிக்கக் கொதிக்கல்ல கேக்குறாங்க. எப்படிப் புடிக்கிறது?"

"பெருமையோடு பிடிக்க வேண்டும்."

காவலர்கள் கைப்பிடிகளைப் பக்குவமாகத் தட்டியெடுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள்.

அன்னக்காமு டீயைச் சாசரில் ஊற்றிக் கொடுத்தாள், விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். மறுவாரமே அமைச்சர் வந்தார். ஒரே டீயை இரண்டு பாத்திரமாகப் பிரிப்பது, நாட்டைப் பிரிப்பதற்கான ஒத்திகையாம். சாசர்கள் போயின. துண்டைச் சுற்றிப் பிடித்தார்கள். அது கோப்பையைத் தீண்டத் தயங்கும் தேசத்துரோகம் என்று அறிவிப்பு வந்தது. இனி தினமும் காலையில் பதினொரு சரண நாட்டுப்பண் முடியும்வரை குடிமக்கள் அனைவரும் நிறைகோப்பையை வெறுங்கையில் ஏந்தி நிற்க வேண்டும்.

"எங்க, கையக் காட்டுக்கா," என்றான் கொத்தனார் இருளப்பன். "அடப்பாவமே, சுண்ணாம்புல வேகுற என் கையே தேவல."

"விடுப்பா. மாசியில மன்னர் தேர்தல் வருதுல்ல? இதே விரலாலதான் அவரை எறக்கப்போறேன்."

"அதுவரைக்கும் வெரல் இருக்கணுமே."

கடையே சிரித்தது. அன்னக்காமுவும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் வலது பெருவிரலுக்கு மட்டும் கூடுதலாகத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

மாசி வந்தது. சாவடியில் ஒரு கண்ணாடிப் பலகை. விரலை வைத்தால் ரேகையைப் படித்து வாக்குச்சீட்டு தரும். அன்னக்காமு பெருவிரலை வைத்தாள். கண்ணாடி பேசாமல் இருந்தது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள்.

"விரல் இருக்கிறது," என்றார் அதிகாரி. "ஆள் இல்லை."

"நாந்தாங்கய்யா ஆளு. தெனமும் உங்களுக்கு டீ குடுக்குறவ."

"எனக்குத் தெரியும் அம்மணி. கண்ணாடிக்குத் தெரியவில்லையே."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லா விரலும் வழித்துவிட்ட தட்டுபோல மழமழவென்று இருந்தது.

"மன்னருக்கு ரேகை விழுந்துச்சா?" என்றாள் அன்னக்காமு.

"பளிச்சென்று. எட்டு அமைச்சர்களுக்கும்தான்."

"அவங்கல்லாம் டீ குடிக்கலையா?"

"குடிக்காமலா? அந்தக் கைப்பிடிகள் தொல்பொருள் அல்லவா. அரண்மனைக் கோப்பைகளில் ஒட்டிப் பாதுகாத்து வருகிறோம்."

பொழுது சாய்வதற்குள் முடிவு வந்தது. பதிவான ஒன்பது வாக்குகளும் மன்னருக்கே. நூற்றுக்கு நூறு. மகிழ்ந்துபோன மன்னர், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் டீ கொடுக்கச் சொன்னார்.

அன்னக்காமுவின் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது. விரல்களை இறுக்கிப் பிடித்தாள். சுடவே இல்லை.