ஷென் வந்ததற்கு ஆதாரம் இல்லை

உலகத்துக்குக் காகிதத்தைக் கொடுத்தது எங்கள் சீனா. அந்தக் காகிதத்தை நிரப்பும் மாபெரும் பொறுப்பை ஏற்றிருப்பது எங்கள் அலுவலகம். ஷியான் நகரில் 'வீண் சடங்கு ஒழிப்பு அலுவலகம்' என்றால் காவலாளிகூட எழுந்து நிற்பார்; நின்றதற்குப் பதிவேட்டில் கையெழுத்தும் போடுவார். நான் அங்கே துணைப் பிரிவுத் தலைவன்.

ஊழியர்களின் களைப்பைப் போக்க, சென்ற ஞாயிறு ஒருநாள் உள்ளூர்ச் சுற்றுலா. விருப்பமுள்ளவர்கள் வந்தால் போதும் என்றார் இயக்குநர் தாங், பெருந்தன்மையோடு. வந்தவர்களுக்குத் திங்கள் விடுப்பு. வராதவர்கள் திங்களன்று உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டும். பதினேழு பேருக்கும் விருப்பம் பொங்கியது.

எங்கள் பிரிவின் மூத்த ஊழியர் ஷென் அண்ணனுக்கு நிஜமாகவே பொங்கியது. பக்கத்து ஊரான பாவ்ஜியில் அவர் பேத்திக்குத் திங்களன்று, பிறந்த முப்பதாம் நாள் விருந்து. குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. சிவப்புத் துணியில் சுற்றிய வெள்ளிக் காப்பு ஞாயிறன்றே சட்டைப் பையில் இருந்தது.

"ஷென், உங்க கைதான் நடுங்காது. படமெல்லாம் நீங்களே எடுங்க," என்றார் இயக்குநர்.

அறுநூறு வருடப் பழைய நகர மதிலில் ஆறு நிமிடம் நின்றோம். ஐந்து நிமிடம் எங்கள் பதாகையின் சுருக்கத்தை நீவுவதில் போனது. 'வீண் சடங்குகளை வேரோடு ஒழிப்போம்' என்ற சிவப்புப் பதாகை அது. அடுத்துப் போன பழைய புத்தர் கோயிலின் காட்டு வாத்துக் கோபுரத்தில் காற்று அதைத் தூக்கி இயக்குநரின் முகத்தில் அறைந்தது. இயற்கையின் இந்த ஒழுங்கீனத்தை அறிக்கையில் சேர்க்கவில்லை. கோபுரத்தை யாரும் பார்க்கவுமில்லை, அது எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது.

மதியம் ஆட்டுக்கறிச் சாறு. ரொட்டியை அவரவரே மொச்சையிலும் சிறிதாகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டால்தான் சமையல்காரர் அதைச் சாற்றில் கொதிக்கவிடுவார். கடைக்கார அக்கா ஷென்னின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, ரொட்டி முழுசாக் கெடக்கு?"

"கையில கேமரா இருக்கும்மா."

"பிய்க்காத ரொட்டிய எங்காளு தொடமாட்டாரு. போன வாரம் ஒருத்தர் கட்டைவிரல் தண்டிக்குப் பிச்சாருன்னு கிண்ணத்தையே திருப்பி அனுப்பிட்டாரு."

"ஷென், இங்க வாங்க," என்றார் இயக்குநர். "நான் பிய்க்கிறதக் கிட்டத்துல எடுங்க. மக்களோட மக்களா இருக்கணும்."

அவர் ஒரு துண்டு பிய்த்தார். மிச்சத்தை அவருக்காக நான் பிய்த்தேன். ஷென்னுக்கு வெறும் சாறு வந்தது.

"பரவால்ல தம்பி," என்று என்னிடம் சிரித்தார். "நாளைக்கு விருந்துல ரெண்டாளு சாப்பாடு சாப்டுக்கிறேன்."

மாலையில் பேருந்திலேயே வருகைப் பதிவு. வாய்ச்சொல் செல்லாது, படம்தான் ஆதாரம். நாற்பத்தாறு படங்களையும் சலித்தேன். பதினாறு முகங்கள்.

"ஷென் வரலையா?" என்று இயக்குநர் ஷென்னிடமே கேட்டார்.

"நாந்தானுங்கய்யா படம் எடுத்தேன்."

"நீங்க எடுத்ததுக்குப் படம் இருக்கா?"

"இப்ப ஒண்ணு எடுத்துக்கலாமேங்கய்யா."

"சுற்றுலா முடிஞ்சிருச்சே. அது மோசடி."

ஷென் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. மத்தியானம் பக்கத்துலதானே உக்காந்து சாறு குடிச்சோம்."

எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்காணல். படிவத்தை மேலும் கீழும் தேடினேன். 'கண்ணால் கண்டது' என்று அதில் ஒரு கட்டம் இல்லை. 'ஷென், வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

திங்களன்று அலுவலகத்தில் இரண்டே பேர். ஷென் விளக்கம் எழுத. நான் அதை மேற்பார்வையிட. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க அதன்மேல் வெள்ளிக் காப்பை வைத்து, தான் போன சுற்றுலாவுக்குத் தான் ஏன் போகவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். பாவ்ஜியிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. அவர் எடுக்கவில்லை.

விளக்கம் எழுதியதற்கும் ஆதாரம் வேண்டுமல்லவா? நானே படம் எடுத்து அனுப்பினேன். ஷென் இருக்கும் ஒரே படம் அதுதான். கண்ணின் ஈரம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

படம் எடுத்தவன் அதில் விழவில்லை. ஆகவே எங்கள் அலுவலக விதிப்படி, அந்த மனிதரை அங்கே உட்காரவைத்தபோது நான் அங்கே இல்லை.