மெஷினுக்குள் என்ன நடக்கிறது, மச்சான்?

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சானுக்கு,

இங்கே நான் முழு நலம். உங்கள் தங்கை, வலது மணிக்கட்டு நீங்கலாக, நலம். அங்கே நீங்களும் அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீங்கள், "பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினீர்களே, எப்படி இருக்கிறது? எங்கள் வீட்டிலும் கேட்கிறாள், வாங்கலாமா வேண்டாமா?" என்று கேட்டீர்கள். வாங்குங்கள் என்று அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் தங்கை பக்கத்தில் இருந்தாள், சொல்ல வேண்டியதோ அவள் காதில் விழக்கூடாதது. அதனால்தான் கடிதம்.

மணிக்கட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். நரம்பு உறையில் வீக்கம், தேய்ப்பது பிழிவது எதுவும் கூடாது, எந்நேரமும் பட்டை போட்டிருக்க வேண்டும், அப்படியும் அடங்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். கத்தி என்றதும் உங்கள் தங்கை முகம் வெளுத்துவிட்டது. பாத்திரத்தை யார் கழுவுவது? எனக்குக் கழுவ வராது என்பது எங்கள் வீட்டில் இருவரும் மனமொத்து ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம். ஆகவே மெஷின் வாங்குவது என்று முடிவானது.

கடைக்கு வெறுங்கையோடு போகவில்லை. நம் பாத்திரம் நிற்காத மெஷின் நமக்கெதற்கு என்று உங்கள் தங்கை பெரிய குண்டான், அடிகனமான வாணலி, கைப்பிடி ஆடும் பால் பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு பைகளில் கட்டி என் தோளில் ஏற்றிவிட்டாள். வாசலில் காவலாளி மறித்து, பழைய பாத்திரம் எல்லாம் இங்கே எடுப்பதில்லை என்றார். சமாதானம் சொல்லி உள்ளே போனால், விற்பனைப் பையன் இது சத்தமே போடாது, இது தண்ணீரை மிச்சம் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனான். இவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஒவ்வொரு மெஷினாகத் திறந்து, குண்டானை உள்ளே இறக்கி, கதவைச் சாத்திப் பார்த்தாள். தட்டையான தட்டுகளுக்கென்று பல் பல்லாகக் கம்பி வைத்திருக்கிறார்கள், நம் குண்டானோ எங்கே வைத்தாலும் குடைசாய்ந்தது. கடைசியில் மேல் தட்டை உயர்த்திக்கொள்ளும் வசதியுள்ள ஒன்றில் கம்பீரமாக உட்கார்ந்தது. அதற்குள் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். ஒரு அம்மாள், தானும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. துணி துவைக்கும் மெஷினுக்கு வட்டமாக ஒரு ஜன்னல் இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இல்லை? உள்ளே பார்க்க என்ன சார் இருக்கிறது என்றான் பையன். என்னிடமா இந்தக் கேள்வி? ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே தலை நரைத்தவன் நான். திறக்காமலே உள்ளே பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். ஓய்வு பெற்ற பிறகும் தபாலில் வரும் பொட்டலத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். அப்படிப்பட்டவன் சமையலறையில், ஜன்னல் இல்லாத கதவுக்குப் பின்னால், ஏதோ ஒன்று மணிக்கணக்கில் சளக் சளக் என்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அடுக்குவது அவள், பொத்தானை அழுத்துவது நான். முதல் நாளே பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைத் தாராளமாக ஊற்றிவிட்டேன், கதவிடுக்கு வழியாக நுரை கிளம்பி ஹால்வரை வந்து என்னை விசாரித்தது. இதற்கென்று தனியாக வில்லை இருக்கிறதாம். உப்பும் போட வேண்டுமாம். சோப்போடு சேர்ந்து கழுவுவதற்கு உப்பு எதற்கு என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் போடச் சொன்னார்களே தவிர ஏனென்று சொல்லவில்லை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைச் சமாளிக்கத்தான் என்று பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். நடுவில் சட்டென்று கதவைத் திறந்து பார்ப்பேன். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும், துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தால் மெஷின் ஒன்றும் தெரியாததுபோல் நின்றிருக்கும். ஆள் பார்த்தால் வேலை செய்வதில்லை என்பதில் அது எங்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தையே தோற்கடித்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்கார மெஷின் மச்சான். அடியில் ஒரு வடிகட்டி உண்டு, பாத்திரத்திலிருந்து வரும் எச்சில் துணுக்கெல்லாம் அதில் சேரும் என்றார்கள். வாரா வாரம் கழற்றிப் பார்ப்பேன், ஒரு பருக்கைகூட இருக்காது. அழுக்கையெல்லாம் அப்படியே கரைத்துவிடுகிறது என்று மாடிவீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்தேன்.

ஆர்வம் அடங்கவில்லை. ஒரு நாள் அவள் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துக் கொடியில் துணி எடுக்கப் போன சமயம், என் போனில் விளக்கை எரியவிட்டு, வீடியோவைத் தட்டிவிட்டு, இறுக்கமாக மூடும் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மெஷினில் வைத்து அழுத்திவிட்டேன். சூடு தாங்காமல் போன் பாதியிலேயே அணைந்துவிட்டது. போய்விட்டது என்றே நினைத்தேன், ஆறியதும் பிழைத்துக்கொண்டது. பதிவானதைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் பீய்ச்சும் மெஷின் கைகள் சுற்றுகின்றன, தண்ணீர் சுழன்று அடிக்கிறது, கண்கொள்ளாக் காட்சி. ஆனால் தண்ணீர் வருவதற்கு முன்பிருந்த பகுதியைத் திரும்பப் போட்டபோதுதான் திக்கென்றது. விளக்கு வெளிச்சத்தில் தட்டுகள் பளபளவென்று இருந்தன. குண்டானில் ஒரு கறை இல்லை. மெஷின் இத்தனை நாளும் கழுவிய பாத்திரத்தைத்தான் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

போனை அவள் முன்னால் நீட்டினேன். பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "ரெண்டு பேர் சாப்பிடுற வீடு. மெஷின் ரொம்புறதுக்கு ரெண்டு நாள் ஆகுது. அதுவரைக்கும் எச்சில் பாத்திரத்த எப்படி உள்ள வெச்சு மூடுறது? அதான் லேசா ஒரு அலசு."

"லேசான்னா?"

"சோப்பு போட்டு."

எனக்கு ஆத்திரம் வரவில்லை மச்சான், பயம்தான் வந்தது. எந்தக் கைக்காக மெஷின் வாங்கினோமோ அந்தக் கை என்ன கதியோ என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, அது உங்கள் குடும்பத்துக்கே உள்ள குணம். எனவே தந்திரமாக ஒரு வேலை செய்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுவதற்குள் தட்டுகளை வாரிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டு நானே கழுவிவிடுகிறேன். பட்டை போட்ட கையோடு பக்கத்தில் நின்று, அடியில் தேய்க்கணும், விளிம்பை விட்டுட்டீங்க என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். கை ஓடுவதற்குத் துணையாக நானும் பழைய எக்ஸ்ரே கதைகளை எடுத்துவிடுவேன். சில்லறையை விழுங்கியவர், சாவியை விழுங்கிவிட்டுப் பூட்டையும் கையோடு கொண்டுவந்தவர். பிறகு கழுவியதை மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறேன். அவள் கை தண்ணீரைத் தொடுவதே இல்லை. வீக்கம் வடிந்த மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரிகிறது, மருத்துவர்தான் இன்னும் கொஞ்ச நாள் பட்டை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். இவ்வளவும் மெஷினால் வந்த நன்மை. ஆகவே யோசிக்காமல் வாங்குங்கள், குண்டானை மட்டும் மறக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நோகாத மூட்டுகளோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு. (கடைசித் தாளின் பின்பக்கம், வேறு கையெழுத்தில்)

அண்ணி, கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். அண்ணன் எதையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை என்பதால் உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இவர் பழைய கூட்டாளிகளைப் பார்க்க எக்ஸ்ரே அறைக்குப் போய்விட்டார். கை முழுசாகக் குணமாகிவிட்டது, பட்டையைக் கழற்றிவிடலாம் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். கழற்றத்தான் நினைத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஹாலில் உட்கார்ந்து டிவியோடு பேசிக்கொண்டிருந்த மனுஷன் இப்போது தொட்டிப் பக்கம் நின்று என்னோடு பேசுகிறார். சாவி விழுங்கியவன் கதையை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணி, கழற்ற மனசு வரவில்லை. நீங்கள் மெஷின் கேட்காதீர்கள். மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும். வலது கைக்குப் பார்த்து வாங்குங்கள்.