சிவப்புக் காருக்குப் பனி டயர்

“பின் சக்கரத்துக்கு அந்த அகலத்துல பனி டயர் இல்லம்மா. வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க, அவருக்கு விளக்கிச் சொல்றேன்.”

“வீட்டுக்காரர்னு யாரும் இல்ல. நான்தான் இருக்கேன். எனக்கு விளக்குங்க.”

“இல்லங்கறதுதான் விளக்கம்.”

கொரலி போனை வைத்தாள். காலையிலிருந்து ஆறு கடை ஆகிவிட்டது. ஆறில் நாலு பேர் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். ஒருத்தன் அப்பாவைக் கேட்டான். மிச்சம் ஒருத்தன் காரின் பெயரைக் கேட்டதும் சிரித்தான்.

இன்று வியாழன். திங்கட்கிழமை டிசம்பர் ஒன்று. அன்றிலிருந்து கியூபெக் மாகாணத்தில் நாலு சக்கரத்திலும் பனி டயர் இல்லாமல் வண்டியை எடுத்தால் போலீஸ் பிடிக்கும். அதே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கியூபெக் நகரத்தில் வேலையில் சேர வேண்டும். வீடு வீடாகப் போய், விழுந்து எழுந்தவர்களை நடக்க வைக்கிற இயன்முறை மருத்துவர் வேலை. சொந்தக் கார் கட்டாயம் என்று உத்தரவில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஏரிக்கரையில் இருக்கும் அவள் ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டர் மலைக்காடு. அந்தச் சாலையில் மூஸ் மானே யோசித்துத்தான் கால் வைக்கும்.

பொத்வேன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் கொரலி. அப்பா பெர்னான் முப்பது வருஷம் அலுமினிய ஆலையில் உலை முன்னால் வெந்தவர். அம்மா பள்ளிக்கூட உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவள். போன ஜூனில் பட்டம் கைக்கு வந்ததும், ஓட்டை உடைசல் காரைத் தள்ளிவிட்டு, சேமிப்பை வழித்துப் போட்டு இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இந்த ஏரிக்கரையில் அப்படிப்பட்ட கார்களை அக்டோபரில் போர்வை போர்த்தித் தூங்க வைத்து மே மாதம்தான் எழுப்புவார்கள். அந்த மாதிரி ஆட்களுக்குக் குளிர்காலத்துக்கென்று இன்னொரு கார் இருக்கும். கொரலிக்கு இருந்ததே இது ஒன்றுதான்.

கார் வந்த அன்றே அக்கா மனோனின் புருஷன் ரெஜீஸ் அதைச் சுற்றி வந்து பார்த்தார். நகரசபையின் பனி அள்ளும் லாரிகளுக்கு அவர்தான் மெக்கானிக்.

“அழகாத்தான் இருக்கு மச்சினி. பால் வாங்கப் போனா பாலை எங்க உக்கார வைப்பே?”

வாசலே சிரித்தது. இந்தக் கார் விஷயத்தில் செத்தாலும் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று கொரலி அப்போதே முடிவு கட்டினாள். ஆறு வருஷம் ராத்திரி பகலாகப் படித்தது, எட்டாவதோடு புத்தகத்தை மூடியவரிடம் பால் உபதேசம் கேட்கவா?

வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். குடும்பமே டயர் நிபுணர்களாக மாறியது.

“நாலுக்கும் முன் சக்கரத்து அளவே வாங்கிப் போடு,” என்றார் அப்பா. “ஒல்லி டயர்தான் பனியை அறுத்துக்கிட்டுப் போகும்.”

“பஸ்ல போயேன்,” என்றாள் அம்மா.

“பஸ் வீடு வீடா வருமாம்மா?”

“வண்டி ஓட்டுறவனைக் கேட்டுப் பாரேன்.”

ரெஜீஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தூர்த்தியேர் என்ற இறைச்சி அடையை வெட்டுவதும் உள்ளிருக்கும் இறைச்சியை முள்ளால் குத்தி வாயில் போடுவதுமாக இருந்தார். அடுத்த வீட்டு நாயின் பல் வலியிலிருந்து போப்பாண்டவரின் தொப்பி வரைக்கும் கருத்து வைத்திருக்கிற மனுஷன், டயர் பேச்சில் வாயைத் திறக்கவில்லை. கொரலிக்கு இரண்டாவது பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. விஷயம் தெரியவில்லை, அதுதான் அடங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா சொன்னபடி ஒல்லி டயர் நாலு வாங்கிக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் லுசியே பின் சக்கரத்து ரிம்மை முழங்கையால் அளந்து பார்த்தார்.

“மாட்ட முடியாது. இது அண்ணனுக்குத் தம்பி சட்டை போடுற கதை. முதல் பள்ளத்துல டயர் தனியாக் கிளம்பிடும்.”

“அப்ப ரிம்மை மாத்தினா?”

“மாத்தினா மாட்டலாம்.”

மத்தியானம் பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த ஒடுக்கமான ரிம் நாலு கிடைத்தது. விற்றவன் சத்தியம் செய்தான்: “இது எந்தக் காருக்கும் பொருந்தும்.” கொரலி லுசியேவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். லுசியே டயரைப் பூட்டி, சக்கரத்தைத் தூக்கி வைத்தார். டங் என்றது.

“பிரேக் இடிக்குது. வேகமான வண்டி இல்லையா, பிரேக்கும் பெருசாத்தானே இருக்கும்.”

“பிரேக்கைச் சின்னதாக்க முடியாதா?”

லுசியே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “படிச்ச பொண்ணுதானே நீ?”

இரும்பு வளையம் நாலு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினார்கள். பிரேக் தப்பித்தது. சக்கரம் நாலும் காரின் உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டன. பார்ப்பதற்குக் குளத்தில் குதிக்கப் போகிற தவளை மாதிரி இருந்தது. திருப்பினால் சக்கரம் உள் பிளாஸ்டிக்கில் உரசியது. அப்பா ரம்பத்தை எடுத்து வந்து, “இதெல்லாம் ஒரு விஷயமா,” என்று வலது பக்கத்தை வெட்டித் தள்ளினார். இடது பக்கம் பாதியில் ரம்பம் முறிந்தது.

“இப்ப என்னப்பா?”

“வலது பக்கமா மட்டும் திரும்பு.”

ராத்திரி கொரலி வரைபடத்தை விரித்து, வலது பக்கமாகவே திரும்பி கியூபெக் நகரத்துக்குப் போக முடியுமா என்று கணக்குப் போட்டாள். போகலாம். அறுபது கிலோமீட்டர் கூடுதல், நடுவில் ஒரு சர்ச் வளாகத்தை மூன்று முறை சுற்ற வேண்டும்.

சனிக்கிழமை விடிந்தபோது முழங்கை ஆழத்துக்குப் பனி. சோதனை ஓட்டம் போனாள். முதல் வலது சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது தெருவில் காரின் முன் பம்பர் பனியை வாரிக் குவித்துத் தள்ளிக்கொண்டே போய், அதற்கு மேல் முடியாது என்று ஒரு குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. நின்ற இடம் எது என்று நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வீட்டு வாசல்.

ரெஜீஸ் கையில் காப்பிக் கோப்பையோடு, கார் நிறுத்தும் வெள்ளைத் துணிக் கூடாரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்தார். தவளைக் கால்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு சதை ஆடவில்லை.

“ஏதாவது கேக்கணுமா மச்சினி?”

“ஒண்ணும் வேணாம்.”

“சரி.”

“கயிறு இருந்தா போதும்.”

“கயிறு தர்றேன். வேற ஏதும் கேக்கணுமா?”

“அத்தான், வேடிக்கை பாக்கணும்னா பாருங்க. கேள்வி கேக்காதீங்க.”

“சரி.”

கதவைத் திறந்துகொண்டு மனோன் தலையை நீட்டினாள். “கேளேண்டி.”

“என்னத்தைக் கேக்கச் சொல்றே?”

மனோன் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது.

ரெஜீஸ் தன் வண்டியில் கயிற்றைக் கட்டி இழுத்தார். கார் வந்தது. பம்பர் வரவில்லை. அவர் அதைப் பனியிலிருந்து உருவி, பக்கத்து இருக்கையில் குழந்தையைப் போல உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். அந்த மௌனம்தான் கொரலியைக் கொன்றது. வாய் விட்டுச் சிரித்திருந்தால் திருப்பி நாலு கேட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து வேலைக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். ‘மதிப்பிற்குரிய அம்மா, திங்கட்கிழமை நான்’ என்பதோடு கை நின்றது. ஆறு வருஷம் இந்த ஒரு திங்கட்கிழமைக்குத்தான். அவள் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரின் அப்பன் நிச்சயம் டாக்டராக இருப்பான், வீட்டில் மூன்று கார் நிற்கும்.

மணி பதினொன்றே முக்கால். கடைகள் பன்னிரண்டுக்கு மூடும். ஏரிக்கு அந்தக் கரையில், கூப்பிடாமல் விட்ட கடை ஒன்றே ஒன்று இருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல், பெயர் ஜினெத். வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. கொரலிக்கு அழுகையே வந்துவிட்டது.

“முன்னாடி ஒடுக்கம், பின்னாடி அகலம். ஸ்போர்ட்ஸ் கார். திங்கக்கிழமை காலையில மலையைத் தாண்டணும். எந்த டயர்னாலும் சரி, எவ்வளவு தூரம்னாலும் வந்து எடுத்துக்கறேன். இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

“சிவப்புக் காரா?” என்றாள் ஜினெத். “பெர்னான் பொத்வேனோட சின்னப் பொண்ணா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஏன் தெரியாது. நீ வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டுடுவேன்னு பந்தயம் கட்டி, நேத்து ராத்திரியோட நான் தோத்துட்டேன். இனிமே சொன்னா என்ன.”

“என்னத்தைக் கேட்டுடுவேன்னு?”

“உன் அளவுல இந்த வருஷம் ஏரிக்கரைக்கு வந்ததே ஒரே ஒரு செட்டும்மா. அக்டோபர்லயே உங்க அத்தான் வாங்கிட்டுப் போய்த் தன் கூடாரத்துல வெச்சுக்கிட்டு, ‘பட்டம் வாங்கினதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறா, இதையாவது அவளா வந்து கேக்கட்டும், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது’ன்னு ஏரிக்கரை டயர் கடைக்காரங்க எங்க எல்லாரையும் கட்டிப் போட்டிருக்காரு.”