ரத்தம் வரும் இடத்துக்கு லீவு

ஈறுக்கு லீவு கொடுப்பவர் ஒருவர் உங்கள் தெருவில் கட்டாயம் இருக்கிறார். பல் தேய்க்கையில் எங்கே ரத்தம் வருகிறதோ அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கும் கருணைமிக்கவர். "பாவம், புண்ணாயிருக்கு. கொஞ்ச நாள் தொடாம விட்டா ஆறிடும்" என்பார். ஆறாது. கிருமிகளுக்கு இதைவிட நல்ல ஹவுஸ் ஓனர் எங்கே கிடைப்பார்? காலி செய்யச் சொல்வதில்லை. கூட்டுவதுமில்லை. கேம்ப் ரோடு கடை ஜிலேபி வேறு சாப்பாடாக வாசலுக்கே வந்துவிடும்.

சேலையூர் தேவானந்தம் சார் இந்த இனத்தின் திலகம். சர்ச் கொயரில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சோலோ அவருடையதுதான். ஊருக்கெல்லாம் கிராம்பு வைக்கச் சொல்வார், கல் உப்புக் கரைசல் சொல்வார், கொய்யா இலை பறித்தே கொடுப்பார், கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மவுத்வாஷைக் கொப்பளிக்கவிட்டு, "எரியுதா? அப்போ கிருமி சாகுது" என்று முதுகில் தட்டுவார். வாயில் நல்ல பாக்டீரியாவும் உண்டே? "எல்லாம் கூட்டுக் களவாணிங்க." பல் டாக்டர்? அங்கே மட்டும் போகமாட்டார். "க்ளீன் பண்ணா பல்லு ஆடிடும். பல்லு மேல கெட்டியா படிஞ்சிருக்கிற அந்தக் காரைதான்யா பல்லையே புடிச்சு நிறுத்தியிருக்கு!"

போன டிசம்பரில் காரை கைவிட்டது. ஒத்திகையில் "ஸ்தோத்திரம்" என்று இழுத்தார். முன்பல் ஒன்று கூடவே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற ஃபிரெடி, பல வருஷமாக அந்தச் சோலோவுக்குக் காத்திருப்பவர், உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா, முடியலன்னா சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் தேவானந்தம் சார் பல் டாக்டர் ஷாயிஸ்தாவின் நாற்காலியில். வருவதற்கு முன் குக்கர் அடி தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டுத்தான் வந்தார்.

"தினமும் இப்படித்தான் தேய்ப்பேன்மா."

"அப்படியா சார்? எல்லாக் கீறலும் இன்னைக்குப் போட்டதா இருக்கே! சரி, ரத்தம் வர்ற இடத்தை ஏன் விட்டீங்க?"

"வலிக்குமேன்னு..."

"யாருக்கு, பாக்டீரியாவுக்கா? அதுங்க அங்க படையா படிஞ்சதாலதான் ஈறு வீங்கி ரத்தமே வருது. அங்கதான் மெதுவா, விடாம தேய்க்கணும். காரை பல்லைப் புடிக்கல சார். அது மேலயும் அதுங்கதான் குடியிருக்கு. கீழ எலும்பு கரைஞ்சிட்டிருக்கு."

தேவானந்தம் சாரின் குரல் இறங்கியது. "கிறிஸ்துமஸ் வரைக்குமாவது பல்லு நிக்குமா டாக்டர்?"

"க்ளீன் பண்ணிட்டுப் பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டறேன். பாடுங்க. ஆனா கரைஞ்ச எலும்பு தானா வளராது. மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

பாடினார். பல் அசையவில்லை, சபை அசந்தது. ஆராதனை முடிந்ததும் ஃபிரெடி தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணா, எனக்கும் தேய்க்கும்போது லேசா ரத்தம் வருது. என்ன பண்ணலாம்?"

தேவானந்தம் சார் கனிவோடு தோளில் கைபோட்டார். அடுத்த வருஷ சோலோ மனக்கண்ணில் வந்திருக்க வேண்டும்.

"அந்த இடத்தைத் தொடாதப்பா. தானா ஆறிடும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இன்று காலை வாஷ்பேசினில் நுரை ரோஸ் கலரில் வந்ததும், வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் குழாயைத் திறந்துவிட்டது யார்?