ஒன்பது இருபத்தெட்டுக்கு நான் பின்லாந்துல இருந்தேனாம்

போன செவ்வாய்க்கிழமை காலைல எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. ஒன்பதரைக்குள்ள ஆபீஸ் அட்டெண்டன்ஸ் பக்கத்துக்குப் போய் ஒரு பட்டனை அமுக்கணும்.

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. பட்டனை அமுக்குற ஆள் சென்னைல இருக்கணும். நான் இருந்தது உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்துல, எங்க வீட்டு ஜன்னல் ஓரம். அங்க உக்காந்தாதான் செல்போன்ல ரெண்டு கோடு சிக்னல் வரும், அந்த நெட்டைத்தான் லேப்டாப்புக்குக் கொடுப்பேன்.

எங்க கம்பெனில வீட்டுல இருந்தே வேலை பார்க்கலாம். ஆனா அந்த வீடு சென்னைக்குள்ள இருக்கணும், கூப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல வந்து நிக்கணும்னு ரூல். அதனால தாம்பரம் ஹாஸ்டல் அட்ரஸைக் கொடுத்து வெச்சிருக்கேன். மூணு வாரம் முன்னாடி எங்க நைனா வண்டியில இருந்து விழுந்து கால்ல மாவுக்கட்டு. ரெண்டு நாள் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். நைனாவுக்கு ஒத்தாசையா தங்கிட்டேன்னு வெளியில சொல்லிக்கலாம். உண்மையச் சொல்லணும்னா, ஹாஸ்டல் சாம்பாரை ஒரு வருஷம் சாப்பிட்டவளுக்கு அம்மா கருவாட்டுக் குழம்பு வெச்சா, அவ எங்க திரும்பிப் போவா?

இதுல இன்னொன்னு. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நிரந்தரம் ஆகுற லெட்டர் வரணும். எங்க குடும்பத்துல மாசச் சம்பளம் வாங்குற முதல் ஆள் நான். லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே அம்மா நூறு நாள் ஏரி வேலைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் சொல்லி முடிச்சாச்சு.

ஆக, பொய் சொல்லியே ஆகணும். படிச்ச பொண்ணு, பொய்யை டெக்னிக்கலா சொல்லலாம்னு வி.பி.என் பக்கம் போனேன்.

அதைப் போட்டா நம்ம நெட்டு வேற ஊர் வழியா சுத்திப் போகும். பாக்குறவங்களுக்கு நாம அந்த ஊர்ல இருக்குற மாதிரி தெரியும். ஆனா இது ஆபீஸ் லேப்டாப். எதை இன்ஸ்டால் பண்ணப் போனாலும் 'அட்மினை அணுகவும்'னு பெட்டி வந்து நிக்குது. அணுகி என்னன்னு சொல்றது? "சார், உங்களை ஏமாத்தணும், கொஞ்சம் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுங்க"ன்னா?

தேடித் தேடி ஒரு வழி கண்டுபிடிச்சேன். பிரவுசருக்குள்ள மட்டும் ஒட்டிக்கிற இலவச வி.பி.என். அட்மின் வேணாம், ஆண்டவர் வேணாம். சென்னைன்னு கூட ஒரு ஊர் அதுல இருந்தது. ஒரே குறை, ஆமை வேகம். மீட்டிங் போட்டா எல்லாரும் வாயைத் திறந்தபடியே நின்னுடுவாங்க.

அதுக்கும் வழி வெச்சேன். ஒரு பிரவுசர்ல அட்டெண்டன்ஸ் மட்டும், வி.பி.என் வழியா. இன்னொரு பிரவுசர்ல மெயில், மீட்டிங் எல்லாம் நேரா. தேர்ந்தெடுத்த டிராஃபிக் மட்டும் சென்னை வழியா! மெயில்ல எல்லாம் யார் வந்து ஊர் பாக்கப் போறாங்கன்னு ஒரு தைரியம்.

பெருமை தாங்காம அம்மாகிட்ட விளக்கினேன். "எல்லா பஸ்ஸும் நேரா போகுதும்மா. ஒரு பஸ் மட்டும் சென்னையச் சுத்திக்கிட்டுப் போகுது."

"ஏன் சுத்துது? ரோட்ல பள்ளமா?"

விளக்குறதை அத்தோட நிறுத்திட்டேன்.

இருபது நாள் ஓடுச்சு. இருபத்தோராவது நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஒன்பது இருபத்தெட்டுக்குப் பட்டனை அமுக்கினேன். அடுத்த நிமிஷம் இன்னொரு பிரவுசர்ல மெயிலைத் திறந்தேன். ஒன்பது முப்பத்தஞ்சுக்கு எல்லாமே மூடிக்கிச்சு. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

உடனே போன். பதறிப்போய் எடுத்ததுல ஸ்பீக்கர்ல போயிடுச்சு.

"மேடம், ஆபீஸ் பாதுகாப்புப் பிரிவுல இருந்து கார்த்திக் பேசறேன். இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"ஹாஸ்டல்ல சார்."

பின்னால இருந்து அம்மா குரல். "எம்மாடி, கோழி உள்ள பூந்துகினு கீது பாரு! தொரத்து!"

"ஹாஸ்டல்ல கோழியா மேடம்?"

"நான்-வெஜ் ஹாஸ்டல் சார்."

இதைவிட நல்ல பதில் அந்த நேரத்துல வரலை. மன்னிக்கணும்.

"மேடம், ஒன்பது இருபத்தெட்டுக்கு பின்லாந்துல இருந்து அட்டெண்டன்ஸ் போட்டிருக்கீங்க. ஒன்பது இருபத்தொன்பதுக்கு வேற ஒரு இடத்துல இருந்து மெயில் திறந்திருக்கீங்க. ஒரே நிமிஷத்துல யாராலயும் அவ்ளோ தூரம் வர முடியாது. யாரோ உங்க பாஸ்வேர்டைத் திருடியிருக்கணும். நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னு நிரூபிச்சாதான் கணக்கைத் திறப்போம்."

பின்லாந்தா! பிரவுசர் மூலைல பார்த்தேன். கடுகு சைஸ்ல எழுதியிருந்தது: 'இருபது நாள் இலவச சென்னை முடிந்தது. உங்களுக்கு வசதியான வேறு நாட்டுக்கு மாற்றியுள்ளோம்.' வசதியாம்!

அதைவிடப் பெரிய இடி அந்த 'வேற ஒரு இடம்'. திருப்புலிவனம்னு கண்டுபிடிச்சுட்டாங்க, போச்சு, வெள்ளிக்கிழமை லெட்டர் போச்சு.

நான் முழிச்ச முழியப் பார்த்துட்டு அம்மா போனைப் பிடுங்கிடுச்சு.

"இன்னா சார்? எம்பொண்ணு எங்க போச்சுன்றீங்க?"

"பின்லாந்தும்மா."

"அது எந்தப் பக்கம் கீது? வாலாஜாபாத் தாண்டியா?"

"வெளிநாடும்மா."

"வெளிநாடா! இன்னா சார் பேஜாரா கீது! கல்யாணம் ஆவாத பொண்ணுமேல இப்டியா சொல்லுவீங்க? மூணு வாரமா இது வூட்ட வுட்டு நகரல. இன்னிக்கி இன்னும் பல்லுகூட வெளக்கல!"

"அம்மா, வேணாம்மா"ன்னு கையக் கையக் காட்டினேன். அம்மா கையத் தட்டிவிட்டுடுச்சு.

"மூணு வாரமாவா?"ன்னார் கார்த்திக்.

"இவங்க நைனாவுக்கு கட்டு போட்ட அன்னிக்கே வந்துச்சு சார். நம்பிக்க இல்லன்னா வீடியோல வா, கட்டக் காட்றேன்!"

வீடியோவுல வந்தார். நைனா கட்டில்ல இருந்தபடியே காலைத் தூக்கிக் காட்டினாரு. ஆஸ்பத்திரியில கட்டுமேல தேதி எழுதிவிட்டிருந்தாங்க, அதையும் பெருசா காட்டினாரு. "பாத்துக்கோ சார். எங்கியும் போகல. நாஷ்டா துன்றதுக்குகூட நாலு வாட்டி கூப்டணும்."

கார்த்திக், "இதெல்லாம் சரிம்மா, எழுத்துல ஏதாவது இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டார்.

எங்க ஊர்ல அந்தக் கேள்விக்கு ஒரே பதில், வார்டு மெம்பர் ஏழுமலை அண்ணன். ரேஷன் கார்டா, ஸ்கூலா, பேங்கா, எதுக்கும் அவர் லெட்டர்தான். லெட்டர் பேடும் சீலும் எப்பவும் அவர் வண்டிப் பெட்டிலயே இருக்கும். அம்மா தெருவுல இறங்கிக் கத்துச்சு, ரெண்டாவது நிமிஷம் வண்டி வாசல்ல நின்னுது. வண்டி சீட்டுமேலயே வெச்சு எழுத ஆரம்பிச்சுட்டார்.

'மேற்படி எஸ்தர் என்பவர் எங்கள் ஊரில் நிரந்தரமாக வசித்து வருகிறார் என்றும், வெளிநாடு எதற்கும் செல்லவில்லை என்றும் சான்றளிக்கிறேன்.'

"அண்ணே, 'நிரந்தரமா' வேணாம்ணே. 'தற்சமயம்'னு போடுங்கண்ணே."

"பேரு வேணா மாத்தலாம் கண்ணு. இத மாத்த முடியாது. ஃபார்மேட்டு அப்டி."

சீலை ரெண்டு வாட்டி ஊதிட்டு ஓங்கிக் குத்தினார். போட்டோ எடுத்து கார்த்திக்குக்கு அனுப்பியாச்சு. நான் வேலைல நிரந்தரம் ஆகுறதுக்கு மூணு நாள் முன்னாடியே திருப்புலிவனத்துல நிரந்தரம் ஆயிட்டேன்.

"உங்க டீம் லீடும் பார்க்கணும் மேடம், ரூல்"னு சொல்லி, தீபா மேடத்தையும் அதே காலுக்குள்ள இழுத்தார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இனி மறைக்க என்ன இருக்கு? ஹாஸ்டல்ல இல்லை, மூணு வாரமா இங்கதான், வி.பி.என் போட்டது நான்தான்னு எல்லாத்தையும் ஒப்பிச்சேன்.

கார்த்திக் மெதுவா கேட்டார். "ஒரு சந்தேகம் மேடம். வி.பி.என் எதுக்கு?"

"சென்னைன்னு காட்டத்தான் சார்."

கார்த்திக் இன்னொரு தடவை ஸ்கிரீனைப் பார்த்துட்டுச் சொன்னார்.

"மேடம், ஒன்பது இருபத்தொன்பதுக்கு வேற ஒரு இடம்னு சொன்னேனே, அது சென்னைதான். உங்க செல்போன் கம்பெனி நெட்டு சுத்துவட்டாரம் பூரா எங்களுக்கு சென்னைன்னுதான் காட்டும். நீங்க எதுவுமே பண்ணாம நேரா பட்டனை அமுக்கியிருந்தா, எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

எனக்கு முன்னாடி அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு. "சொம்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி"ன்னு சொல்லிட்டு, கோழியத் துரத்தப் போயிடுச்சு. சங்கை ஊதுனதுல பாதி அம்மாவோட மூச்சுங்கிறது அதுக்கு ஞாபகமே இல்லை.

தீபா மேடம் திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். "அப்பாவுக்குக் கால் இப்ப எப்படி இருக்கு எஸ்தர்? முதல்லயே கேட்டிருந்தா நானே பர்மிஷன் வாங்கிக் கொடுத்திருப்பேனே"ன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு. அவ்ளோ வெக்கமா இருந்தது.

வெள்ளிக்கிழமை லெட்டர் வந்தது. முதல் பாராவுல வேலை நிரந்தரம். ரெண்டாவது பாராவுல, திங்கள்ல இருந்து வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ்ல வந்துதான் வேலை பார்க்கணும். அம்மா பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஏரி வேலைக்குப் போய் முதல் பாராவை மட்டும் எல்லாருக்கும் காட்டிட்டு வந்துச்சு.

திங்கட்கிழமை விடியறதுக்குள்ள உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்னேன். தோள்ல லேப்டாப், கையில கருவாட்டுக் குழம்பு டப்பா.

இப்பவும் தேர்ந்தெடுத்த டிராஃபிக் ஒன்னு மட்டும் சென்னை வழியாத்தான் போகுது. அது நான்தான்.