பச்சை லொறிக்கு நான்கு வர்ண அட்டை

ஒரு புத்தகத்தின் முன்னேற்றத்துக்குப் பெரிய இடைஞ்சல் அதன் உள்ளே இருக்கும் பக்கங்களே என்ற உண்மையை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்த பெருமை எங்கள் மலையகத்து அட்டன் நகரையே சாரும். 1998ஆம் ஆண்டில், மூன்றே கூட்டங்களில் இதைச் சாதித்தோம். நான் அந்தக் குழுவின் செயலாளர் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வீரம்மா பன்னிரண்டு கதைகள் எழுதி வைத்திருந்தார். அவற்றை உலகுக்கு அளிக்க எங்கள் 'மலைத்தென்றல் நூல் வெளியீட்டுக் குழு' முன்வந்தது. தலைவர் மகாலிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே படிப்பிப்பவர். அச்சகம் டக்ளஸுடையது. கையிலிருந்த பணத்துக்குப் பன்னிரண்டு கதைகளும் வரும், ஆனால் அட்டையில் கறுப்பு எழுத்து மட்டும்தான் என்றார் டக்ளஸ்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் இலக்கியத்துக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"கறுப்பு அட்டையோ? இதென்ன மரண அறிவித்தலே? சனம் முதல்ல பாக்கிறது அட்டையைத்தான். கொழும்பில இப்ப கம்பியூட்டரில நாலு கலர் போடுறாங்கள்."

"போடலாங்க சார். ஒவ்வொரு கலருக்கும் தனி பிளேட்டு செய்யணும். கலருக்கு மூணு கதையத் தூக்கினா செலவு சரியா வந்துரும்."

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ஆதலால் வீரம்மாவும் பஸ் ஏறி வந்திருந்தார். அவரிடம் மாஸ்டர் ஒரு படத்தை நீட்டினார். ஏதோ ஒரு கலண்டரிலிருந்து வெட்டியது. பட்டுச் சேலை, நகப்பூச்சு, பளிச்சென்ற சிரிப்பு, முதுகில் கூடை.

"கூடை காலியா இருக்குதுங்களே ஐயா. காலிக் கூடையோட இப்பிடிச் சிரிச்சா எங்க தோட்டத்துல பாதிச் சம்பளந்தான் போடுவாங்க."

"இது கலை, பிள்ளை. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

மஞ்சள் ஏகமனதாக நிறைவேறியது. மூன்று கதைகள் 'வர்ண நலன் கருதி' ஓய்வு பெற்றன. வீரம்மா எழும்பி நின்றார்.

"எதைத் தூக்கினாலும் பச்சை லொறிய மட்டும் விட்டுருங்க ஐயா."

அது அவர் தங்கை நாகலெட்சுமியின் கதை. பிரசவ வலி கண்டவளைக் கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு மேல் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறார்கள். லொறி முதலில் தேயிலை பெக்டரிக்குப் போய், கொழுந்தை நிறுத்து இறக்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவளுக்கு ஒரு கல்லுகூட நட்டு வைக்கலீங்க. அவ பேரு எழுதியிருக்கிறது இந்தக் கதையில மட்டுந்தான்."

செயலாளரின் ஆழ்ந்த துயரத்தையும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்தேன். மாஸ்டர் கண் கலங்கி, புத்தகத்துக்கே 'பச்சை லொறி' என்று பெயர் வைக்கப் பிரேரித்தார். நான் வழிமொழிந்தேன். அந்தக் கதையைத் தொடமாட்டோம் என்று வாக்கும் கொடுத்தோம்.

அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. கொழுந்து கூடிய காலம், வீரம்மாவால் மலையை விட்டு வர முடியவில்லை. ஆகவே கூட்டம் மிகுந்த ஒற்றுமையுடன் நடந்தது. சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு மூன்று கதைகள் போயின. தேயிலைக்குப் பச்சை வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை இலவசம் என்றார் டக்ளஸ். இந்த விஞ்ஞானச் செய்தியைக் கேட்டு மாஸ்டர் கைதட்டினார்.

மூன்றாம் கூட்டத்தில் அட்டையின் பளபளப்புக்காக இரண்டு கதைகள் தியாகமாயின. பிறகு மாஸ்டருக்குத் தலைப்பைத் தங்க எழுத்தில் பார்க்க ஆசை வந்தது.

"அப்ப மிச்சம் பச்சை லொறிதாங்க சார்," என்றார் டக்ளஸ்.

ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, தலைவர் உரை, செயலாளர் உரை என்று ஐந்து இருக்கின்றனவே, ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெரிய ஆக்கள் எழுதினது. உம்மட உரையை எடுப்பமோ?"

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

"அந்தக் கதையின்ர பேர்தானே தங்க எழுத்தில வெளியில வருது? பிறகு உள்ளுக்கும் என்னத்துக்கு?" என்றார் மாஸ்டர். 'இரட்டைச் செலவைத் தவிர்க்கும் பொருட்டு' தீர்மானம் நிறைவேறியது. வீரம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் குறிப்பில் தேடிப் பார்த்தேன். வாக்கு இருந்தது, தீர்மான இலக்கம்தான் இல்லை.

வெளியீட்டு விழாவில் அட்டையைப் பார்த்த சபை வாயைப் பிளந்தது. நால்வர் நூலாய்வு செய்தார்கள். ஒருவர் கதைகளின் ஆழத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். தங்க எழுத்தில் விரல் பட்டுவிடும் என்று எவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

வீரம்மா மட்டும் திறந்தார். ஐந்து உரைகளையும் புரட்டிப் பின்னட்டைக்கு வந்தார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். நான் மேடைக் கூரையின் தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர் மைக்குக்கு முன்னால் வந்தார்.

"கொழுந்து நிறுக்கும்போது கூடைக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. அதுக்கே நாங்க சண்டை போடுவோம். நீங்க கொழுந்த முழுசாக் கழிச்சிட்டு, கூடைய நிறுத்துக் குடுத்திருக்கீங்க. அன்னிக்கு என் தங்கச்சியக் காக்க வச்சது கொழுந்துக்காக. இன்னிக்கு நீங்க எறக்கிவிட்டது தங்க எழுத்துக்காக."

மாஸ்டர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அருமையான வசனம்! இரண்டாம் பதிப்பில பின்னட்டையில இதைப் போடுவம். டக்ளஸ், ஏலுமே?"

டக்ளஸ் தலையைச் சொறிந்தார்.

"போடலாங்க சார். தூக்குறதுக்குத்தான் கதை ஒண்ணும் மிச்சமில்ல."