பன்னிரண்டு அடி பால்கனியும் அறுநூற்று முப்பது மீட்டர் அலையும்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று மாதமாக நம்புவது ஒன்றுதான் என்னால் முடிந்திருக்கிறது. உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்காதீர்கள். அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் நானே தெரிந்துகொள்கிறேன்.

நாம் இருவரும் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கிய அன்று, முதல் பேச்சு ரேடியோவில்தான், அதுவரை இரு வீட்டுக்கும் நடுவே போன் கிடையாது என்று சட்டம் போட்டது நீங்கள். தலையாட்டியது நான். அறுநூற்று முப்பது மீட்டர் நீள அலைக்கு நியாயமாகப் பார்த்தால் நூற்றைம்பது மீட்டர் ஆண்டெனா கம்பியாவது வேண்டும். எனக்கு இருப்பது மூன்றாவது மாடியில் பன்னிரண்டு அடி பால்கனி. முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவன், சொந்த பால்கனியை அளக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கம்பியில் இருக்கும் குறையைச் சுருளில் ஈடுகட்டலாம் என்று நீங்கள் எழுதினீர்களே என்று, துணி ஊறவைக்கிற வாளியின் மேல் செம்புக் கம்பியை நூற்றிருபது சுற்று சுற்றினேன். உங்கள் தங்கை வாளியைத் தேடினாள். அப்புறம் வாளியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு மோர்ஸ் தந்திக் குறியில் தட்டி உங்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். நான் தட்டத் தட்ட எதிர்வீட்டு அழைப்புமணி அடித்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அந்த வீட்டு நர்ஸம்மா மாலை டியூட்டி முடிந்து நடுராத்திரி வந்து படுப்பவர். நாலு நாள் எழுந்து எழுந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் என் கதவைத் தட்டினார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இந்த வயசுல மணி அடிச்சிட்டு ஓடுறது நீங்கதானா?" என்றார். முட்டி வலிக்கு மாத்திரை வாங்கித் தந்ததே அவர்தான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது.

சரி, வெளியே போய்விடலாம் என்று பெட்டி, பேட்டரி, வாளி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் போனேன். அறுபது மீட்டர் கம்பியைப் பட்டத்தில் கட்டி ஏற்றினேன். என் வாழ்க்கையிலேயே உயரமான ஆண்டெனா, மச்சான், ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் காத்து செத்துப்போச்சு. பந்து பழகிக்கிட்டிருந்தவங்க கோல்கீப்பர் மேல கம்பி மொத்தமும் வந்து விழுந்துது. அவர் சிக்கெடுத்துக்கிட்டிருக்கும்போதே எதிர் டீம்காரன் கோல் போட்டுட்டான். அது கணக்குல சேருமா சேராதான்னு ரெண்டு பக்கமும் என்னையே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாங்க. நான் வாளியோட வந்துட்டேன்.

மறுபடி பால்கனிதான். நர்ஸம்மா மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார், புண்ணியவதி. அன்றிலிருந்து இருபத்தாறு நாள் தட்டினேன். வாராவாரம் உங்கள் கார்டு வந்தது. "ஒன்றும் கேட்கவில்லை. சுற்றைக் கூட்டவும்." நேற்று அதை உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். "அண்ணன் குரலைக் கேட்டு மூணு மாசம் ஆச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செஞ்சேன்?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள்.

போதும் மச்சான். கம்பியை இறக்கிவிட்டேன். சுருளைப் பிரித்து வாளியைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். நான் தோற்றுப்போனவன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளுக்கு ஒரு போன் போடுங்கள்.

உங்கள் உடம்பும் உங்கள் பேட்டரியும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது தபால் வந்தது. உங்கள் ஊரைப்போல இரண்டு மடங்கு தூரத்தில், ஒரு தீவில் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், நான் தட்டும் அழைப்புக் குறியை வைத்து ரேடியோ உரிமப் பட்டியலில் என் முகவரியைத் தேடி எழுதியிருக்கிறார். "தினமும் காலையில் உங்கள் மோர்ஸ் தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் கூப்பிடுகிறவர் ஒரு நாளும் பதில் சொல்வதில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் நலமாகத்தானே இருக்கிறார்?" உங்கள் தங்கை இதை இரண்டு தரம் படித்துவிட்டு, வாளியை அவளே கொண்டுவந்து வைத்தாள். "கோளாறு அண்ணன்கிட்டயா," என்றாள். ஆகவே போன் வேண்டாம். முதலில் உங்கள் கம்பியைப் பாருங்கள்.